துவைத்ததும் சுருங்கிய உடை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

புதிதாகத் தைத்த ரவிக்கை முதல் சலவையிலேயே மேலேறிவிட்டால் பழி பெரும்பாலும் தையற்காரர் மேல் விழுகிறது. அளவை மாற்றி வெட்டிவிட்டார் என்கிறோம். தைத்து வாங்கிய அன்று சரியாக இருந்த உடை துவைத்தபின் மாறினால், அதில் அவருடைய கத்தரிக்கோலுக்குப் பங்கு குறைவு. துணி சுருங்கவேண்டிய அளவு சுருங்கி முடிப்பதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

விதி ஒன்றே ஒன்று. ஓர் உடை எப்படித் துவைக்கப்படப் போகிறதோ, அதே முறையில் அதன் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிட வேண்டும். உடைக்குள் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் இது பொருந்தும்: லைனிங், ஃபால்ஸ், பைப்பிங், நாடா, காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் எல்லாவற்றுக்கும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் முக்கால்வாசி, இந்த விதியில் ஏதோ ஒரு பகுதி விடுபட்டதால் வருபவை.

காரணம் தேடுவதற்கு முன் இன்ச் டேப்பை எடுத்து, சுருங்கிய உடையை நீங்கள் கொடுத்த அளவு ரவிக்கையோடு அல்லது அளவுச் சட்டையோடு ஒப்பிட்டு அளந்துவிடுங்கள். உயரம் குறைந்ததா, சுற்றளவு குறைந்ததா, இரண்டுமா, அல்லது ஒரு அடுக்கு மட்டும் குறைந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உயரம் குறைந்தது, சுற்றளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது

பருத்தியில் மிகவும் சாதாரணமாக நடப்பது இதுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நெய்து முடியும்வரை விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன்பின் ஆலையில் வெளுப்பது, சாயமேற்றுவது, கஞ்சி ஏற்றுவது, உருளைகளில் சுற்றுவது என ஒவ்வொரு கட்டத்திலும் துணி நீளவாக்கில்தான் இழுபடுகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி இழை உப்புகிறது, நூல் பருக்கிறது. பருத்த ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, சுற்றி வளைந்து வளைந்து போகப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளத்தைத் துணி தன் உயரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். காய்ந்தபின்னும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடுகிறது.

ரவிக்கையின் உயரம் பெரும்பாலும் பாவு திசையில் வெட்டப்படுவதால் அடி அங்கே விழுகிறது. 15 அங்குல உயரமுள்ள ரவிக்கை 6 சதவீதம் சுருங்கினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் காணாமல் போகும். 44 அங்குலக் குர்த்தாவில் 5 சதவீதம் என்பது 2 அங்குலத்துக்கும் மேல். முழங்காலுக்குக் கீழே நின்ற உடை முழங்காலுக்கு வந்துவிடும்.

எந்தத் துணி எவ்வளவு சுருங்கும் என்பதற்குத் தோராயமான கணக்கு உண்டு. கதர், கைத்தறிப் பருத்தி, மல்மல் போன்றவை 5 முதல் 10 சதவீதம்வரை போகலாம். ஆலையில் நெய்த பாப்ளின் பெரும்பாலும் 2 அல்லது 3 சதவீதத்தோடு நிற்கும். பாலியெஸ்டர் கலந்த சட்டைத் துணியும் பள்ளிச் சீருடைத் துணியும் மிகக் குறைவு. பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. துணியின் கரையில் 'சான்ஃபரைஸ்டு' என்று அச்சிட்டிருந்தால் கவலையைக் குறைத்துக்கொள்ளலாம். சான்ஃபோர்டு கிளூயெட் என்ற அமெரிக்கர் 1930இல் காப்புரிமை பெற்ற முறை அது. ஈரத்துணியைத் தடித்த ரப்பர் பட்டையோடு சேர்த்து நெருக்கி, ஆலையிலேயே சுருக்கிவிடுவார்கள். அதன்பின் மிச்சமிருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்த எண்களை நம்பி மட்டும் வெட்டாதீர்கள். ஒரே கடையில் ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு துணிச் சுருள்கள்கூட வேறு வேறு அளவில் சுருங்கும்.

வெளித்துணி உப்புகிறது, உள்ளே லைனிங் இழுக்கிறது

சென்னையில் ரவிக்கை தைப்பவர்கள் அதிகம் சந்திக்கும் சிக்கல் என்று இதைத்தான் சொல்வேன். பட்டு ரவிக்கையில் முதுகுப்பக்கம் சின்னச் சின்ன அலைகள் தெரியும். கீழ்மடிப்பு உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். கை ஓரத்தில் வெளித்துணி பை போலத் தொங்கும். போட்டுக்கொண்டால் மார்பில் இறுக்கம், ஆனால் வெளித்துணியைக் கிள்ளிப் பார்த்தால் தளர்வு.

வெளித்துணியின் மேல் குற்றமில்லை. பட்டோ சிந்தடிக்கோ அவ்வளவாகச் சுருங்கவில்லை. அதனுள் வைத்த விலை குறைந்த பருத்தி லைனிங் சுருங்கிவிட்டது. லைனிங் துணியில் கஞ்சி கூடுதலாக ஏற்றியிருப்பார்கள். கையில் மொடமொடப்பாக, நல்ல கனமாகத் தோன்றும். அலசிப் பார்த்தால்தான் அதன் உண்மையான மெலிவு தெரியும்.

நடைமுறையைப் பாருங்கள். தி.நகரிலோ புரசைவாக்கத்திலோ சேலை வாங்குகிறோம், அதிலிருக்கும் ரவிக்கைத் துணியை வெட்டி அப்படியே தையற்கடையில் கொடுக்கிறோம். லைனிங்கைக் கடைக்காரரே போட்டுக்கொள்வார். அவர் அதை நனைத்தாரா என்று நாம் கேட்பதில்லை. வேலை குறைவான மாதங்களில் நல்ல தையற்காரர்கள் நனைத்துத்தான் வைப்பார்கள். தீபாவளி நெருங்கும்போது, ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிடும் நெருக்கடியில், லைனிங்கை ஊறவைத்துக் காயவிட அவருக்கு நேரமும் இருக்காது, இடமும் இருக்காது. அதுவும் ஐப்பசி மழையில் எதுவும் ஒரே நாளில் காயாது.

ஆகவே லைனிங்கை நீங்களே வாங்கி, நீங்களே ஊறவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டுத் துணியோடு சேர்த்துக் கொடுங்கள். 'லைனிங் நனைத்தாகிவிட்டது' என்று ஒரு சீட்டு எழுதிக் குத்திவிட்டால் இன்னும் நல்லது. இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே பட்டு ரவிக்கைகளின் ஆயுள் கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

'இந்த ரவிக்கையைத் தண்ணீரில் போடவே மாட்டேன், டிரைகிளீனிங்தான்' என்பவர்களுக்கும் இதே யோசனைதான். சென்னைக் கோடையில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் லைனிங் வியர்வையில் நனைந்துவிடும். அதன்மேல் ஆவி இஸ்திரி படும். சுருங்குவதற்கு அந்த ஈரமும் சூடும் போதும்.

சேலையின் கரை ஃபால்ஸ் உள்ள இடத்தில் மட்டும் சுருங்கி நிற்கிறது

மேலே சொன்ன காரணம்தான், இடம் மட்டும் வேறு. ஏறக்குறைய 2.5 மீட்டர் நீளமுள்ள பருத்தி ஃபால்ஸ் 4 சதவீதம் சுருங்கினால் 10 சென்டிமீட்டர் குறையும். அத்தனை நீளத்துச் சேலைக் கரையும் அதற்குள் மடங்கி நின்றாக வேண்டும். கொசுவம் விழவே விழாது.

ஃபால்ஸை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே தைக்கக் கொடுங்கள். அடர்ந்த நிற ஃபால்ஸ் என்றால் இன்னொரு நன்மையும் உண்டு: சாயம் விடுமா என்பது சேலையில் படுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஏற்கெனவே தைத்துச் சுருங்கிவிட்டதா? பிரித்துவிடுங்கள். சுருங்கி முடித்த அதே ஃபால்ஸை மறுபடி தைத்துக்கொள்ளலாம், சற்றுக் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. இஸ்திரியால் சரிசெய்ய முயன்று சேலையை வதைக்க வேண்டாம்.

ஊறவைத்துத்தான் தைத்தேன், ஆனாலும் சுருங்கியது

இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் நாலு இடங்களில் தவறலாம்.

முதலாவது, நனைத்தது போதவில்லை. வாளியில் முக்கி எடுத்து உடனே கொடியில் போட்டால் தண்ணீர் நூலின் நடுவரை போயிருக்காது. கஞ்சி ஏறிய துணி தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிடும். காய்ந்த துணியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் கஞ்சி போய்விட்டது. முத்தாக நின்றால் இன்னும் இருக்கிறது, மறுபடி அலச வேண்டும். குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீர் கலங்காமல் வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். துணியைத் தளர்வாக மடித்துப் போடுங்கள். கடையில் கட்டிக் கொடுத்த மடிப்போடு அப்படியே முக்கினால் உள்மடிப்பு நனையாது.

இரண்டாவது, வெட்டும் முன் பச்சைத் தண்ணீர், தைத்தபின் வெந்நீர். வாஷிங் மெஷினில் 60 டிகிரியில் துவைக்கும் வீடு என்றால் முதல் நனைப்பும் அதே சூட்டில், அதே மெஷினில் நடக்க வேண்டும். டிரையர் பயன்படுத்துபவர்கள் அதிலும் ஒருமுறை போட்டு எடுக்க வேண்டும். கையால் துவைத்து நிழலில் காயவைப்பவர்களுக்குப் பச்சைத் தண்ணீரே போதும். எந்த முறை சிறந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை. இரண்டும் ஒத்துப்போனால் சரி.

மூன்றாவது, ஒரே சலவையில் சுருக்கம் தீராத துணிகள் இருக்கின்றன. பெரும்பகுதி முதல் சலவையில் வந்துவிடும். ஆனால் தளர்வாக நெய்த பருத்தியும் பனியன் துணியும் இரண்டாவது மூன்றாவது சலவைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். கதருக்கு இரண்டுமுறை நனைப்பு என்பதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

நான்காவதை யாரும் சந்தேகிப்பதில்லை: இஸ்திரி. ஊறவைத்துச் சுருங்கிய துணியை, ஈரத்தோடு, பெட்டியை அழுத்தி இழுத்து இழுத்துத் தேய்த்தால் போன நீளத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். அந்தப் பொய் நீளத்தில் அளந்து வெட்டுகிறோம். அடுத்த சலவையில் அது மறுபடி உள்ளே போகிறது. வெட்டப்போகும் துணிக்குப் பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்துத்தான் தேய்க்க வேண்டும். தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். தேய்த்த சூட்டோடு அளக்காமல், மேசைமேல் பரப்பி ஆறவிட்டு அளங்கள். கொடியில் காயவைக்கும்போதும் ஈரத்துணியின் முழுக் கனமும் ஒரே திசையில் தொங்க விடாமல், இரண்டு கயிறுகளின்மேல் விரித்துப் போடுங்கள்.

உப்புநீர் போர்வெல் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. கரையாத சோப்பு துணியிலேயே படிந்து, காய்ந்தபின் விறைப்பாக நிற்கும். அதைக் கஞ்சி என்றும் சுருக்கம் என்றும் எண்ணிக் குழம்ப வேண்டாம். முதல் நனைப்புக்குச் சோப்பே தேவையில்லை. கடைசி அலசலுக்கு மட்டுமாவது மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஊறவைத்தபின் துணி போதவில்லை

இது சலவையில் தெரியும் கோளாறு அல்ல, வெட்டும் மேசையில் தெரிவது. கைக்குத் துணி வரவில்லை, பட்டிக்கு ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. கடையில் 80 சென்டிமீட்டராக வெட்டி வைத்திருக்கும் ரவிக்கைத் துணி 6 சதவீதம் சுருங்கினால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் போய்விடும். முட்டிவரை கை வைக்க நினைத்தவர்களுக்கு அந்த 5 சென்டிமீட்டர்தான் வேண்டியிருக்கும். சுருங்கும் துணியில் ஒரு மீட்டராக வாங்குவதே சரி.

எவ்வளவு கூடுதலாக வாங்குவது என்பதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். கோடவுன் தெருவில் மொத்தமாகத் துணி எடுப்பவர்களும், ஒரே துணியில் வீட்டில் எல்லோருக்கும் தைக்க நினைப்பவர்களும் முதலில் ஒரு மீட்டர் மட்டும் வாங்கிச் சோதிக்கலாம். துணியின் வெட்டு ஓரத்தையும் கரையையும் விட்டுத் தள்ளி, நடுவில் பாவு திசையில் சரியாக 50 சென்டிமீட்டரும் ஊடை திசையில் 50 சென்டிமீட்டரும் அளந்து, வேறு நிற நூலால் ஒவ்வொரு முனையிலும் ஒரு தையல் போட்டுவையுங்கள். சாக்கட்டிக் கோடு தண்ணீரில் போய்விடும். பின்பு ஊறவைத்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அளங்கள். 50இல் குறையும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 2 சதவீதம். 47 வந்தால் 6 சதவீதம்.

கணக்கில் ஒரு சின்னப் பிழை பலருக்கும் நேர்கிறது. குர்த்தாவுக்கு 2.5 மீட்டர் வேண்டும், துணி 8 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். 2.5இல் 8 சதவீதம் 20 சென்டிமீட்டர், ஆகவே 2.7 மீட்டர் என்று வாங்குகிறோம். ஆனால் சுருங்கப்போவது அந்த 2.7 முழுவதும், முடிவில் கிடைப்பது 2.48தான். சரியான வழி, வேண்டிய நீளத்தை 0.92ஆல் வகுப்பது: 2.72 மீட்டர் வரும், 2.75ஆக வாங்கலாம். சுருக்கம் 10 சதவீதம் என்றால் 0.9ஆல் வகுக்க வேண்டும்.

பன்னாவும், அதாவது துணியின் அகலமும், குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். 44 அங்குலப் பன்னா 3 சதவீதம் சுருங்கினால் 43 அங்குலம்கூடத் தேறாது. பன்னா முழுவதையும் எட்டிப்பிடித்து வெட்டும் அகலமான பாவாடைக்கும் அனார்கலிக்கும் இது பெரிய இழப்பு.

அளவுத் தாளையே பெரிதாக்கி, சுருங்காத துணியை அதன்படி வெட்டிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் அப்படிச் செய்வதுண்டு. ஒவ்வொரு தொகுதித் துணியையும் சோதித்துப் பார்த்த பிறகு. வீட்டில் ஒரே ஒரு உடை தைக்க அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீளமும் அகலமும் வேறு வேறு அளவில் சுருங்கும்போது கைக்குழியின் வளைவு நாம் நினைத்த இடத்தில் வந்து நிற்காது.

துவைத்தபின் உடை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது

பக்கத் தையல் முன்பக்கம் வந்து நிற்கும். நெய்த துணி என்றால் பாவும் ஊடையும் நேர்க்கோணத்தில் இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் நூல்கள் தம் இயல்பான நிலைக்குத் திரும்ப, உடையும் கூடவே திரும்புகிறது. ஊறவைத்த துணியின் வெட்டு முனையில் ஓர் ஊடை நூலைப் பிடித்து உருவுங்கள். அது விட்டுச்சென்ற கோட்டில் வெட்டினால் உண்மையான நேர்முனை கிடைக்கும். பிறகு கரையோடு கரை வைத்து மடித்துப் பாருங்கள். முனைகள் சேரவில்லை என்றால், துணி சற்று ஈரமாக இருக்கும்போது குட்டையான மூலைகள் இரண்டையும் பிடித்துக் குறுக்காக மெல்ல இழுங்கள். கரை மட்டும் இறுகி நடுத்துணி தளர்ந்திருந்தால், கரையில் சில அங்குலத்துக்கு ஒருமுறை சிறு வெட்டுக் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும்.

அச்சே கோணலாக விழுந்த துணிக்கு மருந்து இல்லை. கட்டம்போட்ட அச்சுத் துணி வாங்கும்போது கடையிலேயே விரித்துப் பார்த்துவிடுங்கள். பனியன் துணியின் திருகலும் நூலின் முறுக்கிலிருந்தே வருவதால் தையலால் தீராது.

காலரில் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது

ஒட்டும் கேன்வாஸ் சட்டைத் துணியைவிட அதிகம் சுருங்கியிருக்கும், அல்லது முழுவதும் ஒட்டாமல் விட்டிருக்கும். கேன்வாஸை, கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து, தண்ணீர் ஆறும்வரை விட்டு, பிழியாமல் தொங்கவிட்டுக் காயவையுங்கள். அதை இஸ்திரி போடக்கூடாது, பசை உருகிவிடும்.

ரேயான் குர்த்தா குட்டையாகிறது, போட்டால் நீள்கிறது

ரேயான் நனைந்தால் நன்றாகவே சுருங்கும். தேய்த்தால் ஓரளவு திரும்பும். உடுத்தியிருக்கும்போது தன் கனத்தாலேயே இறங்கும். கீழ்மடிப்பு மேடும் பள்ளமுமாக நிற்பது இதனால்தான். நனைந்த ரேயானின் வலிமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும், முறுக்கிப் பிழிந்தால் நூல் அறுந்துபோகும். இரண்டுமுறை நனைத்து, தரையில் விரித்துக் காயவைத்து வெட்டுங்கள். கீழ்மடிப்பை மட்டும் உடனே தைக்காமல், உடையை ஓரிரவு ஹேங்கரில் தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து சமப்படுத்தித் தைக்க வேண்டும்.

நனைத்தால் கெட்டுவிடுமோ என்ற பயம்

ஜரிகைப் பட்டு, வெல்வெட், பட்டுக் கிரேப் ஆகியவற்றைத் தண்ணீரில் போட வேண்டாம். கிரேப்பில் நூல் மிக இறுக்கமாக முறுக்கப்பட்டிருப்பதால், நனைந்ததும் துணியே உள்ளே ஓடிவிடும். இவற்றுக்கு உள்பக்கமிருந்து ஆவி காட்டினால் போதும். வெல்வெட்டில் பெட்டி படாமல் சற்றுத் தூக்கிப் பிடித்தே காட்ட வேண்டும்.

கலம்காரி, அஜ்ரக், அவுரிச் சாயத் துணி இவற்றைத் தனித்தனியே, பச்சைத் தண்ணீரில், ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் சேர்த்துப் போட்டு ஊறவையுங்கள். கைக்குட்டை நிறம் மாறினால் இன்னும் அலச வேண்டும். கல்லுப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. நெய்து முடித்து விற்பனைக்கு வந்த துணியில் உப்பால் சாயத்தைப் பிடித்துவைக்க முடியாது. ஒட்டாத சாயம் வெளியேறும்வரை அலசுவது ஒன்றே வழி.

தைத்து முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது?

சுற்றளவு குறைந்திருந்தால் உடையை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ரவிக்கையில் பெரும்பாலும் ஓர் அங்குலமாவது உள்ளே விட்டிருப்பார்கள். ஒரு தையலைப் பிரித்தாலே போதும். இனித் தைக்கக் கொடுக்கும்போது பக்கத்தில் மட்டுமல்லாமல் கீழ்மடிப்பிலும் தாராளமாகத் துணி விடச் சொல்லுங்கள். குழந்தைகள் உடைக்கு அது எப்படியும் வேண்டும்.

உயரம் குறைந்திருந்தால் ஈரத்தோடு தேய்த்து நீட்டிப் பார்க்கலாம், ஒரு நாள் விழாவுக்கு அது உதவும். அடுத்த சலவையில் பழைய இடத்துக்கே திரும்பும். நிலையாகச் சரிசெய்ய, கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கி, மடிப்புக்கு வேறு துணியில் பட்டி கொடுக்க வேண்டும். அதுவும் போதவில்லை என்றால் அதே நிறத்திலோ மாறுபட்ட நிறத்திலோ ஒரு கரைத்துண்டைக் கீழே இணைக்கலாம். கலம்காரிக் கரை பருத்திக் குர்த்தாவுக்கு அழகாகவே பொருந்தும். அந்தத் துண்டையும் முந்தின நாளே ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள்.